நான்காவது மைக்ரோஸ்கோப்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் தாவரவியல் லேபில் பத்தொன்பது வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் பெரிதாக ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் வெங்காய வேர்நுனியில் ஒரு செல்லைக் காட்டி, அது பிரிவதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால், பட்டம் வாங்கிய டீச்சர்கள் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் நான் சொல்லிவிடுவேன். குரோமோசோம்கள் நூல் சிக்கலாகக் கிடந்தால் புரோஃபேஸ். நடுவில் வரிசைகட்டி நின்றால் மெட்டாஃபேஸ். இரண்டு பங்காகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தால் அனாஃபேஸ். போய்ச் சேர்ந்து இரண்டு குவியலாக உட்கார்ந்துவிட்டால் டீலோஃபேஸ். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்வதுதான் முறை. நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஸ்லைடுகளும் என் கைவேலைதான். எங்கள் பஜாரில் வெங்காயத்துக்குச் சவாள என்று பேர். வேர் விடப் பார்க்கும் பழைய சவாளையைக் கடைக்காரர் ஒதுக்கி வைத்திருப்பார். நான் போய் அதைத்தான் பொறுக்குவேன். "சேச்சி மட்டும்தான் கெட்டுப்போன சீத்தையைக் காசு கொடுத்து வாங்குறது" என்று சிரிப்பார். அதைத் தண்ணீரில் உட்கார வைத்து, வேர் வந்ததும் காலையில் நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. கொஞ்சம் பலம் கூடினால் செல் நசுங்கும், குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். என் விரலுக்கு அந்த அளவு தெரியும்.

தேர்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எந்தச் செல்லைப் பார்க்க வேண்டும் என்று மாணவருக்குக் காட்ட, கண் வைக்கும் ஐபீஸுக்குள் ஒரு சுட்டுமுள் வேண்டும். அதற்கு என் தலைமுடியில் ஒன்றைக் கத்தரித்து ஒட்டிவிடுவேன். வில்லையில் பார்த்தால் கறுப்புக் கம்பி மாதிரி தெரியும். இப்போதெல்லாம் கறுப்பாக ஒன்று கிடைப்பதே பெரும்பாடு.

போன வருஷப் பிளஸ் டூ பிராக்டிக்கல் தேர்வுக்குத் திருப்பூணித்துறையிலிருந்து ஒரு சார் தேர்வாளராக வந்தார். சாந்தமான மனுஷர். காலையில் ஆறு மைக்ரோஸ்கோப்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு செல்லை முடிநுனியில் நிறுத்தினேன். நான்காவதில் அனாஃபேஸ். சார் ஒவ்வொன்றாகப் பார்த்து விடைகளைத் தன் தாளில் குறித்துக்கொண்டார். மாணவர்கள் வரிசை எண்படி வந்து பார்த்து, என்ன கட்டம், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று எழுத வேண்டும்.

ஐபீஸைத் தொடாதே என்று எழுதி ஒட்டியிருப்பேன். ஆனாலும் தொடுவார்கள். அது கொஞ்சம் திரும்பினால் உள்ளே இருக்கும் முடியும் திரும்பி, பக்கத்துச் செல்லைக் காட்டும். அதனால் ஐந்து பேருக்கு ஒருமுறை நான் குனிந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அன்று முதல் ஐந்து பேருக்குப் பிறகு பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. நான் வைத்தது நகராது என்று ஒரு திமிர், அவ்வளவுதான்.

எட்டாவதாக வந்த பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். கம்பம் பக்கத்திலிருந்து வந்து பஜாரில் காய்கறி விற்கும் வீட்டுப் பிள்ளை. வகுப்பில் மலையாளம் பேசுவாள், என்னிடம் தமிழ். லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. மற்றவர்கள் பெல் அடித்ததும் ஓடுவார்கள். இவளை மைக்ரோஸ்கோப்பிலிருந்து பிரித்தெடுக்க நான் விளக்கை அணைக்க வேண்டும்.

தேர்வு முடிந்து நான் கீழே தண்ணீர் பிடிக்கப் போனபோது, படியின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். முகம் விழுந்துபோயிருந்தது.

"அக்கா, நாலாவது அனாஃபேஸா?"

"ஆமா மோளே. நாந்தானே வச்சேன்."

"எனக்கு நடுவுல வரிசையா நின்ன மாதிரிதான் தெரிஞ்சுது. மெட்டாஃபேஸ்னு எழுதிட்டேன்."

"பதட்டத்துல அப்பிடித் தெரிஞ்சிருக்கும். போட்டும், அர மார்க்குதானே."

"எல்லாரும் அனாஃபேஸ்னுதான் எழுதியிருக்காங்க. எனக்குத்தான் பாக்கத் தெரியல. இந்த லேப் வேலையெல்லாம் எனக்குச் சரிப்படாதுக்கா."

மேலே ஏறி ஒருமுறை பார்த்துவிட்டு வர எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நான் ஏறவில்லை. அவள் தோளைத் தட்டி அனுப்பிவிட்டுத் தண்ணீர் பிடித்தேன்.

மதியம் சார் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நல்ல பேட்ச் சேச்சி. நாலாமத்தேது ஒரு குட்டிக்கு மாத்ரம் தெற்றிப்போயி" என்றார். ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் தப்பு. "பாவம், சரியா எழுதிட்டு அடிச்சிருக்கு" என்று தாளைத் திருப்பிக் காட்டினார்.

அனாஃபேஸ் என்று எழுதி, ஒற்றைக் கோட்டால் அடித்து, கீழே மெட்டாஃபேஸ் என்று எழுதியிருந்தாள். அந்தக் கோடுதான் என்னை உறுத்தியது. தேர்வு முடிந்து இறங்குகிறவர்கள், காத்திருப்பவர்கள் காதில் விடையைப் போட்டுவிட்டுப் போவது எனக்குத் தெரியாததல்ல. நாலாவது அனாஃபேஸ் என்று கேட்டுக்கொண்டு வந்துதான் அதை எழுதியிருக்கிறாள். பிறகு ஏன் அடித்தாள்? ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நான்காவது மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன்.

மெட்டாஃபேஸ். குரோமோசோம்கள் நடுவில் ஒரே வரிசையாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் நின்றன. யாரோ ஐபீஸைத் திருப்பியிருக்கிறார்கள். என் முடி பக்கத்துச் செல்லில் போய் நின்றிருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐபீஸைத் திருப்பியவர் மேல் கோபம்கூட வரவில்லை. அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாளே, நான் ஆமா என்றேனே என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், இதை வந்து பாக்கணும்."

விஷயத்தைச் சொன்னதும், "அர மார்க்கல்லே சேச்சி, போட்டே" என்று விட்டுவிடச் சொன்னார். அவருக்குப் பஸ் பிடிக்க வேண்டும்.

"மார்க்குக்காக இல்ல சார். அவ சரியாத்தான் பாத்திருக்கா. நான்தான் பாக்கல."

எழுந்து வந்து பார்த்தார். தன் தாளைப் பார்த்தார். பிறகு விடைத்தாள்களை வரிசை எண்படி மறுபடி எடுத்தார். அவளுக்குப் பிறகு பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் அனாஃபேஸ். இரண்டு பங்காகப் பிரிந்து போகிறது என்று காரணம் வேறு எழுதியிருந்தார்கள். கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். இவர்களுக்கு ஒரு தேர்வுக்குப் போதுமானதாக இருந்தது.

சார் அவளுக்கு மார்க் போட்டார். மற்றவர்களுக்குப் போட்டதைக் குறைக்கவில்லை. "லேபோட தெற்றுக்குப் பிள்ளைகளைத் தண்டிக்கப் பாடில்லா" என்றார். தண்டிக்கக் கூடாதாம். பார்க்காமல் எழுதியவர்களுக்கும் மார்க்கா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது நியாயம்தான், தப்பு என்னுடையது. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். நடுவில் சரிபார்க்க வேண்டியதை நான் சரிபார்க்கவில்லை என்று பிரின்சிபாலுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை.

மார்க் சரியாகிவிட்டது. ஆனால் பாக்கத் தெரியல என்று சொல்லிவிட்டுப் போனாளே, அது அப்படியே இருந்தது. நான்காவது மைக்ரோஸ்கோப்பை யாரும் தொடாமல் மூடிவைத்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு வரும்படி அவள் வீட்டுக்குப் போன் செய்தேன்.

வந்தாள். உறையை எடுத்து விளக்கைப் போட்டேன்.

"பாரு."

"எதுக்குக்கா? அதான் நீங்களே சொல்லிட்டீங்களே."

"நான் சொன்னது கெடக்கட்டும். பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று தேடுகிற பார்வை. முந்தின நாள் வரை அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"என் மூஞ்சில ஒண்ணும் இல்ல மோளே. அதுக்குள்ள பாரு."

மறுபடி குனிந்தாள். இந்த முறை அவசரப்படவில்லை.

"நடுவுல வரிசையா நிக்குதுக்கா. மெட்டாஃபேஸ்."

"நேத்தும் அதேதான் நின்னுது. நீ எழுதினதுதான் சரி. சார் மார்க் போட்டாச்சு. நான்தான் பாக்காமலே ஆமான்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

நான் லேசில் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அவள் மறுபடி குனிந்து, இரண்டு விரலால் ஐபீஸை மெதுவாகத் திருப்பினாள். வேறு நாளாக இருந்தால் கையில் ஒன்று போட்டிருப்பேன். அன்று விட்டுவிட்டேன். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"நீங்க வச்சது இதுதானேக்கா? ரெண்டு பங்காப் பிரிஞ்சு போகுது. அனாஃபேஸ்."

ஆமா என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "கொஞ்சம் நகரு" என்று அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். குனிந்து பார்த்தேன். பார்த்த பிறகுதான் ஆமா என்றேன்.