சார் சொன்ன 'கேன்'

இறுதி ஆண்டில் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு பங்கு முதலீட்டு நிதியை நடத்தினோம். பயிற்சிக்கான பொய்ப் பணம் அல்ல. முன்னாள் மாணவர்கள் தந்த நிஜப் பணம். வாங்குவதும் விற்பதும் என் பொறுப்பு. அதற்கு முன் ஆலோசகரான விரிவுரையாளரிடம் வாட்ஸ்அப்பில் அனுமதி கேட்க வேண்டும். அவரும் தமிழர்தான். அனுமதி எப்போதும் ஒரே சொல்லில் வரும்: கேன்.

மலேசியாவின் ஜொகூரில் 'can' என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. மாமாக் கடை என்னும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், "மீ கோரெங் ஒன்னு, காரம் கம்மியா, கேனா?" என்றால் "கேன்" என்பார்கள். வறுத்த நூடுல்ஸ் தட்டு வரும்.

எனக்குச் சிங்கப்பூரில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் பயிற்சி இடம் வேண்டியிருந்தது. அதற்கு சாரின் சிபாரிசுக் கடிதம் அவசியம். ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டேன். "கேன்" என்றார்.

மழைக்காலத்தில் கோத்தா திங்கியில் வெள்ளம். அங்கே செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் அப்பா ஒரு படம் அனுப்பினார். சாலை தண்ணீருக்குள் இருந்தது. வெட்டிய குலைகள் ஓரத்தில் அழுகிக் கிடந்தன. அந்தத் தோட்ட நிறுவனத்தின் பங்குகள் எங்களிடம் நிறைய இருந்தன. குலை ஆலைக்குப் போகாவிட்டால் லாபம் எங்கிருந்து வரும்? "சார், தோட்டப் பங்கை முழுசா வித்துடலாமா?" என்று எழுதினேன். "கேன்" என்று பதில் வந்தது. விற்றேன்.

வெள்ளம் அந்த ஒரு தோட்டத்தோடு நிற்கவில்லை. பல இடங்களில் குலை வராமல் போகவே பாமாயில் விலை ஏறியது. கூடவே நாங்கள் விற்ற பங்கும் ஏறியது. லாரி ஓடாமல், சம்பளம் இல்லாமல் அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் அது மிக வேகமாக ஏறியது.

முன்னாள் மாணவர்கள் கூட்டம் போட்டார்கள். விற்கச் சொன்னது யார் என்று ஒருவர் கேட்டார்.

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் கேன்னுதான் போட்டேன். விக்க முடியும்னு அர்த்தம். விக்கச் சொல்லலையே."

நிதியின் கணக்கைப் பார்த்துவந்த, உலு திராம் ஊர்க்காரத் தோழி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சார், மாமாக் கடையில கேன்னு சொல்லிட்டு மீ கோரெங் கொண்டு வரலைன்னா நீங்க விடுவீங்களா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "இது சாப்பாட்டுக் கடை இல்லம்மா."

அன்றே என் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. வெளியே வந்ததும் தோழி கேட்டாள்: "லெட்டர் குடுத்துட்டாரா?"

"இன்னும் இல்ல."

"போய்க் கேளு லா. உன்னைக் குத்தவாளி ஆக்கினதுக்கு அதையாவது குடுக்கட்டும்."

அறைக்குப் போய்க் கேட்டேன். "அதான் அப்பவே கேன்னு சொன்னேனேம்மா" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுபடி கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்துவிட்டது.

விண்ணப்பத்துக்கான கடைசி நாள் கடந்த பிறகு சிங்கப்பூர் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் செய்தி அனுப்பினாள். சிபாரிசுக் கடிதம் வரவில்லை, விண்ணப்பத்தை மூடிவிடலாமா என்று பணிவாகக் கேட்டிருந்தாள்.

கேன் என்று பதில் எழுதினேன்.