டொல்பினுக்குக் கீழே ஒரு சுவர்

வெப்பமண்டலத் தீவு ஒன்றின் மக்களுக்குத் தொண்டு செய்யப் போன அனுபவம் எனக்கும் உண்டு. விமானம் ஏறவில்லை. கண்டியில் என் வீட்டு வாசலில் வான் வண்டியில் ஏறி, பல்லேகல விளையாட்டரங்கைத் தாண்டி, வத்தேகமவில் நின்று பால் விடாத பிளேன்டீ குடித்துவிட்டு, அதற்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்த தொண்டர் குழுவின் விளம்பரத் தாளில் எங்கள் பக்கத்தை அப்படித்தான் எழுதியிருந்தார்கள். மேலே நீலக் கடல், ஓரத்தில் சாய்ந்த தென்னை. இத்தனை வருடமாக நான் ஒரு வெப்பமண்டலத் தீவில் வசிக்கிறேன் என்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அதுவரை மழை விடாத ஒரு ஊரில் வசிப்பதாகவே நினைத்திருந்தேன்.

என்னை இதில் மாட்டிவிட்டவர் பல்லேகலவில் விடுதி நடத்தும் நண்பர். குழு அவருடைய விடுதியில்தான் தங்கும். கூடப் போய் வேலை செய்ய உள்ளூர்த் தொண்டர் ஒருவர் தேவை, ஆங்கிலமும் தமிழும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள்.

“உங்களுக்கு ரெண்டும் தெரியும். வேற வேலையும் இல்ல” என்றார் நண்பர்.

இரண்டாவது தகுதியைக் கேட்டு நான் கோபப்பட்டிருக்க வேண்டும். தொண்டர் என்ற சொல்லில் மயங்கியிருந்ததால் விட்டுவிட்டேன். என் மனைவி மட்டும் அன்று மாலை தன் தங்கையோடு தொலைபேசியில் பேசும்போது, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: “பல்பு மாட்டவே ஆள் கூப்பிடுறவரு. இப்ப தோட்டத்துல போயி சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போறாராம். சுவர் பாவம்.”

சுவர் என்றது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் சுவர். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. குழு வருவதற்கு முந்தைய வாரம், தகவல் சொல்ல நான் மட்டும் போனேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வாசலில் ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு நின்றார். சுவர் கறுத்து, கீழ்ப்பக்கம் உரிந்து கிடந்தது.

இந்த இடத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன். “வெளிநாட்டுக்காரர்கள் வந்து உங்கள் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள்” என்று சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாய் வரவில்லை. ஒருவர் வீட்டு வாசலில் நின்று உங்கள் வீடு அழுக்காக இருக்கிறது, துடைக்க ஆள் வருகிறது என்று சொல்வது போல் இருந்தது. நாகரிகம் தெரிந்த மனிதன் அல்லவா? ஆகவே, “அடுத்த கிழமை வெளிநாட்டுல இருந்து கொஞ்சப் பேர் வருவாங்க. பிள்ளைக்காம்பராவப் பார்த்துட்டுப் போவாங்க” என்றேன்.

“விருந்தாளிங்களா சேர்?”

“அப்படித்தான் வச்சுக்குங்களேன்.”

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். நான் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் முதலில் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் மனைவியின் அண்ணன் கொழும்பிலிருந்து வருகிறார் என்றாலே எங்கள் வீட்டில் கதிரை உறைகள் மாறிவிடும். தோட்டத்துக்கும் அது பொருந்தும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

குழு வந்த அன்று காலை வானை விட்டு முதலில் இறங்கியவன் நான்தான். மற்றவர்கள் அட்டைக்கடிக்குப் பயந்து நீண்ட காலுறைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வளைவில் திரும்பியதும் பெயின்ட் வாசம் வந்தது. பிள்ளைக்காம்பராவின் முன்சுவர் முழுக்கப் புதிது. கீழே இளம்பச்சை, மேலே வெண்மஞ்சள், இரண்டையும் பிரித்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு சிவப்புக் கோடு.

“எப்படி சேர் இருக்கு?” என்றார் அந்த அம்மா. சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால். “எங்க வீட்டுக்காரர்தான் அடிச்சாரு.”

வீட்டுக்காரர் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வலது கை மடியில் கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கண்டியில் ஹோட்டல்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு தூரிகையைத் தொடவேயில்லை, தோட்டத்து லயத்தில் தங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கேட்டதும், யாரும் சொல்லாமல் அவரே எழுந்தாராம்.

“எடது கையாலயே அடிச்சாரு சேர். கோட்டுக்கு நூல் புடிக்கிறதுக்கு மட்டும் நான் அந்தப் பக்கம் நின்னேன். வத்தேகம ஹாட்வெயார் கடை முதலாளி இருக்காருல்ல, அவரு பெயின்ட் கொந்தராத்து வேலைக்கு ஆள் எடுக்கிறாரு. ஞாயித்துக்கெழமை வந்து இந்தச் சுவரப் பார்க்கிறேன்னிருக்காரு. எடது கை வேலை சரியா இருந்தா எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு சேர்.”

இதைக் கேட்டபோது எனக்குப் பின்னால் பெயின்ட் வாளிகளை இறக்கும் சத்தம் கேட்டது.

குழுத் தலைவி நல்ல பெண்மணி. ஓய்வுபெற்ற தாதி, சொந்தச் செலவில் பாதி உலகத்துக்குச் சேவை செய்தவர். சுவரைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “பாருங்களேன்! நமக்காக அடிப்பூச்சு பூசித் தயாராக வைத்திருக்கிறார்கள்” என்றார் ஆங்கிலத்தில்.

நான் பேச வேண்டிய இடம் அது. பேசவும் தயாரானேன். மனதுக்குள் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கட்டினேன். யாரையும் புண்படுத்தாமல், ஆனால் உறுதியாக, நடுவில் ஒரு மெல்லிய நகைச்சுவையோடு. நல்ல வாக்கியம். அதைச் செதுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

கழிவறைக்குக் கதவு இல்லை. கூரைத் தகரம் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்தது. அவற்றைக் காட்டி, வேலையை அங்கே திருப்பியிருக்கலாம். ஆனால் குழுவில் வந்த இளைஞர்கள் சுவருக்கென்றே வாளிகளோடு கடல் கடந்து வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்குமே என்று எனக்கு இரக்கம் வந்தது. கதிரையில் இருந்தவருக்கு வர வேண்டிய இரக்கம் பாதை மாறிப் போய்விட்டது. வெளிநாட்டுக்காரர் முன்னால் எனக்கு அப்படித்தான் ஆகும்.

அம்மாவிடம் போய், “சுவர்ல ஒரு சின்னப் படம் வரையப் போறாங்களாம்” என்றேன்.

“படமா? எந்தப் பக்கம் சேர்?”

“ஒரு ஓரமா.”

பகலுக்குள் ஓரம் முழுச்சுவராகிவிட்டது. கடல் வந்தது. விளம்பரத் தாளில் இருந்த அதே தென்னை வந்தது. நடுவில் ஒரு டொல்பின், பற்கள் தெரியச் சிரித்தபடி. அந்தப் பிள்ளைக்காம்பராவில் இருந்த எந்தக் குழந்தையும் கடலைப் பார்த்ததில்லை. ஒரு குட்டிப் பெண் டொல்பினைக் காட்டி, “பன்னி” என்றது. எல்லோரும் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டார்கள், நானும் மொழிபெயர்க்கவில்லை.

வந்த இளைஞர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. மழைத் தூறலிலும் நிற்காமல் வேலை செய்தார்கள். கை கொப்பளித்த பெண்ணொருத்தி துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்து அடித்தாள். என் கையிலும் ஒரு ரோலரைக் கொடுத்தார்கள். தொண்டர் அல்லவா? குனிய வேண்டிய வேலை எனக்கு வேண்டாமென்று, பெரியவருக்கு மரியாதை செய்து, இடுப்பளவு உயரத்தைக் கொடுத்தார்கள். இடுப்பளவில்தான் அந்தச் சிவப்புக் கோடு ஓடியது.

கோட்டை நான் கிட்ட நின்று பார்த்தேன். பிறகு அதன்மேல் நீலத்தை உருட்டினேன். ஒரு தடவையில் மறையவில்லை. சிவப்பு லேசில் மறையாத நிறமாம். மூன்றாம் முறை அடித்த பிறகுதான் போனது.

தேநீர் நேரத்தில் அம்மாவின் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். அதுவரை கதிரையை விட்டு அசையவில்லை.

“சேர், அவங்க காலையில வந்து பார்த்தப்ப என்ன சொன்னாங்க?”

“நல்லா இருக்குன்னாங்க.”

“அப்ப ஏன் சேர் மறுபடி அடிக்கிறாங்க?”

“அது... அவங்க ஊர்ப் பழக்கம்.”

அவர் தேநீர்க் கோப்பையை இடது கையால் கீழே வைத்தார். “கோடு வளைஞ்சிருந்துச்சோ?” என்றார்.

“இல்ல இல்ல. நேரா இருந்திச்சு.”

“எடது கை இல்லையா சேர். எனக்கு நேராத் தெரிஞ்சிருக்கும். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் வளைஞ்சது.”

நான் மறுபடியும் இல்லை என்றேன். பொய் சொல்லிப் பழகிய வாயால் ஓர் உண்மையைச் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? அவர் தலையை ஆட்டினார், பெரிய இடத்து ஆள் ஒருவர் ஆறுதல் சொல்லும்போது ஆட்டுவது போல.

குழு போய்விட்டது. விமான நிலையத்தில் தலைவி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்றார். முற்றிலும் உண்மை.

அடுத்த வாரம் பிள்ளைக்காம்பரா அம்மா தொலைபேசியில் பேசினார். குறை சொல்லக் கூப்பிடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஹாட்வெயார் முதலாளி வந்து டொல்பினைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். “இவரு பிரஷ கூரையில சொருகி வச்சிட்டாரு சேர். சோறு திங்கக்கூட எடது கைய நீட்ட மாட்டேங்கிறாரு. நான்தான் ஊட்டுறேன்.”

நான் வத்தேகமவுக்கு பஸ் ஏறினேன். கடையில் முதலாளி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். சுவரை நான் கண்ணால் பார்த்தேன், அருமையான வேலை என்று சாட்சி சொன்னேன்.

“அப்ப ஏன் சேர் அதுக்கு மேல மீன் படம் கீறினாங்க?”

அது மீன் இல்லை என்று நான் வாதாடவில்லை. குழுவின் இணையப் பக்கத்தைத் தொலைபேசியில் திறந்து காட்டினேன். இரண்டு படங்கள் போட்டிருந்தார்கள், ‘முன்’, ‘பின்’ என்று. ‘பின்’ என்பதில் டொல்பின். ‘முன்’ என்பதில் அவர் அடித்த சுவர், பச்சை, வெண்மஞ்சள், நேரான சிவப்புக் கோடு. அவருடைய வேலைக்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே சாட்சி ‘முன்’ என்ற அந்த அவமானந்தான்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “நல்லாத்தான் ஈக்குது” என்றார். “ஆனா போட்டோவுல எல்லாச் சுவரும் நேராத்தான் ஈக்கும் சேர். எனக்குக் கையப் பார்க்கணும். நாளைக்கு ஏணியில நின்டு அடிக்கணுமே அவர்? கூட்டிட்டு வாங்க, ஒரு பலகை தாறன்.”

அம்மாவின் வீட்டுக்காரரை வரவைப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. நான் பேசியபோது, “மறுபடி எதுக்கு சேர்” என்று மட்டும் சொன்னார். கடைசியில் அவர் மனைவிதான் கொண்டு வந்து சேர்த்தார். “இவரு வராட்டி நான் ஏறி அடிக்கிறேன், முதலாளி என்னைய எடுத்துக்கட்டும்” என்று லயமே கேட்கச் சொன்னாராம்.

கடை முன்னால், மழைக்கு இறக்கிய தகரத்துக்கு அடியில், முதலாளி வெள்ளை பூசிய ஒரு நீளப் பலகையைச் சாத்தி வைத்திருந்தார். அன்றைய அதே இஸ்திரிச் சட்டையைத்தான் போட்டிருந்தார் வீட்டுக்காரர். தூரிகையை இடது கையில் வாங்கினார். பலகையின் அருகே கொண்டு போய்த் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் அருகில் போய், அவசரமில்லை, நிதானமாக அடியுங்கள், நான் இருக்கிறேன் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லாத முகம்.

“சேர், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போயி நில்லுங்களேன்.”

“எந்தப் பக்கம்?”

“றோட்டுக்கு அந்தப் பக்கம். தயவு செஞ்சு.”

அம்மா என்னைப் பார்க்காமல் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். நான் றோட்டைக் கடந்து எதிர்த் தேநீர்க்கடையில் போய் நின்றேன். நடுவில் கண்டி பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, புறப்பட மனமில்லாமல் உறுமிக்கொண்டே இருந்தது. அது போகும்வரை என்னால் பலகையைப் பார்க்க முடியவில்லை. எட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். பிறகு திரும்ப வைத்துக்கொண்டு, ஒரு பிளேன்டீ சொன்னேன்.