மண்ணுக்குள் விட்ட மழை

சென்ற மாதம் ஒரு காலையில் சமையலறை ஜன்னலைத் தள்ளினேன், திறக்கவில்லை. வெளியே ஒரு தேயிலைச் செடி கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. வேரோடு, நிமிர்ந்து, பக்கத்துச் செடிகளோடு வரிசை கலையாமல் நின்றது. முந்தின வாரம்தான் அதற்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று நான் துணி காயப்போட்டிருந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: மலேசியாவின் இந்தக் கேமரன் மலையில் பல வீடுகள் சரிவை வெட்டி எடுத்த தட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. திரிங்காப்பு ஊருக்கு மேலே எங்கள் வீடும் அப்படித்தான். பின்சுவருக்கு மூன்றடி தள்ளி மேடு. மேடு முழுக்கத் தோட்டத்தின் தேயிலை. நான் ராமநாதபுரத்துக்காரன். தேயிலைத் தொழிற்சாலை வேலைக்கு வந்து, இங்கே தோட்டத்தில் பிறந்த கவிதாவைக் கட்டிக்கொண்டேன். இருவரும் சேர்ந்து வாங்கிய வீடு இது. இந்த நாட்டில் என் பெயருக்குக் கீழே எழுத எனக்கு வேறு முகவரி கிடையாது.

கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் கட்டர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மாற்றிக் கொடுக்கக் கம்போங் ராஜாவிலிருந்து தியாகு அண்ணன் என்ற காண்ட்ராக்டர் வந்தார். "பாயிப் போட்டு ரோட்டு லொங்காங்குல விட்டுரலாம் பாஸ்," என்று குழாய் போகும் வழியையும் வாசலோர வடிகாலையும் காட்டினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊரில் கூரைத் தண்ணீரை வீட்டோரம் குழி வெட்டி, ஜல்லி நிரப்பி, மண்ணுக்குள் இறக்குவோம். எட்டாம் வகுப்பில் அந்தக் குழியின் படத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து, எழுதப் படிக்கத் தெரியாத அப்பாவுக்கு விளக்கித் தோண்டவைத்தவன் நான். அடுத்த கோடையில் எங்கள் கிணறு வற்றவில்லை. அன்றிலிருந்து அப்பா எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்.

அதே படத்தைத் தியாகு அண்ணனுக்கும் வரைந்து கொடுத்தேன். பின்சுவரோரம் குழி, நிறைந்தால் மிச்சம் சாலைக்குப் போக ஒரு குழாய். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க யாரும் இப்படிக் கேட்டதில்ல லா."

"தண்ணி வீணாகக் கூடாதுண்ணே."

"படிச்சவங்க சொல்றீங்க. செஞ்சிருவோம்."

சம்மதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கைகழுவியது எனக்குப் புரியவில்லை. தடுத்திருக்கக்கூடிய கவிதா அந்த வாரம் பக்கத்து ஊரான கியா பார்மில் அக்காள் வீட்டில் இருந்தாள்.

முதல் பெருமழையில் தகரக் கூரை அதிர்ந்தது. ஆனால் கூரையில் விழுந்த தண்ணீர் எங்கேயும் வெளியே வரவில்லை. சாலைக்குப் போகும் குழாயைத் தேடினேன். அவர் போடவே இல்லை. குழியோ நிறையவில்லை. எத்தனை மழை வந்தாலும் வாங்கிக்கொண்டே இருந்தது. முதலில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு சமையலறைத் தரை வியர்க்கத் தொடங்கியது. பின்னறைக் கதவு சாத்த வராமல் போய், அப்புறம் தானாகவே திறந்துகொண்டது. மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் தரைக்கடியில் யாரோ ஈரச் சேலையை இழுத்துக்கொண்டு போவதுபோல் சத்தம். ஊரில் போர் போடும்போது பூமிக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் தெருவே கைதட்டும். இங்கே நான் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்தச் செடியைப் பார்த்த கவிதா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி, "முக்கியமான காகிதமெல்லாம் பையில எடுத்து வைங்க," என்றாள்.

"செடி வளர்ந்திருக்கும்."

"ஒரு வாரத்துலயா? மேடு இறங்குதுங்க. தோட்டத்து லைன் வீட்டுல இருந்தப்ப நாங்க மழைக்குப் பயந்ததில்ல. மழத்தண்ணி சத்தமில்லாம எங்கயாவது போனாத்தான் பயப்படுவோம்."

தியாகு அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, மேடு வீட்டுக்கிட்ட வந்துருச்சு."

"அடியில மண்ணு ஊறுனா வரத்தானே செய்யும் பாஸ்."

"தெரிஞ்சேவா செஞ்சீங்க?"

"படமே போட்டுக் குடுத்தீங்க. நான் மூணாவதோட நின்னவன், என்னத்த சொல்றது?"

"அந்த ரோட்டுக் குழாய்? அதுவும் படத்துல இருந்துச்சே."

"மறந்துட்டேன் லா. நாளைக்கு வரேன்." வரவில்லை. அவர்மேல் கோபப்பட நினைக்கும்போதெல்லாம் அந்தத் தாளில் இருந்த என் அழகான கையெழுத்து முன்னால் வந்து நின்றது.

தோட்டத்து ஆட்கள் வந்து மேட்டின்மேல் தார்ப்பாய் விரித்தார்கள். "இன்னொரு மழை உள்ள போனா வீடு தாங்காது," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிற்பகலில் மூட்டம் இறங்கியது. கவிதா பழைய தகரத்தை வடிகாலுக்குச் சாய்த்துப் பிடிக்க, நான் வாசல் பக்கம் ஸ்டூல் மேல் ஏறி, கூரையிலிருந்து பின்னால் குழிக்குப் போகும் குழாயை ரம்பத்தால் அறுத்தேன். பாதி அறுக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் பீறிட்டுத் தகரத்தில் விழுந்து, வடிகாலில் இறங்கி, மலையை விட்டே ஓடியது. அப்படித்தான் ஓட வேண்டும். ஆனால் அத்தனை தண்ணீரும் வீணாகப் போவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே ஓடி ஒரு வாளியைக் கொண்டுவந்து தகரத்தின் நுனிக்குக் கீழே வைத்தேன்.

"எதுக்குங்க அது?" என்று மழைக்கு மேலே கத்தினாள் கவிதா.

மூச்சுவிடும் நேரத்தில் வாளி நிறைந்து வழிந்தது. வீடு இன்னும் நிற்கிறது. மழை வரும்போதெல்லாம் தண்ணீர் சரியாகச் சாலைக்குப் போகிறதா என்று முதலில் பார்க்கிறேன். பார்த்து நிம்மதியான பிறகு, வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வைக்கிறேன்.