தனிக்கட்டையா, கூட்டுக்குடும்பமா

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் விளக்கைப் பற்றி யார் புலம்பினாலும் அது முதலில் என் காதில்தான் விழும். கீழே வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். "லைட்டு மினுக்குது", "கண்ணு கூசுது", "அசையாம உட்கார்ந்தா அணைஞ்சு போகுது" என்று ஏதாவது ஒரு மாடியிலிருந்து போன் வரும். எனக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையைப் பார்த்து "அண்ணே!" என்று ஒரு குரல் கொடுப்பேன். மற்றதை லைட்டண்ணன் பார்த்துக்கொள்வார்.

லைட்டண்ணன் எங்கள் எலக்ட்ரீசியன். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை. ஒடிசலான உடம்பு, லேசான கூன். ஒரு தோளில் ஏணி, மறு தோளில் பை என்று லிஃப்டில் ஏறினால், திரும்பி வருவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். அதற்குள் இன்னொரு மாடி கூப்பிட்டிருக்கும், நான் சமாளித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? வேலை அப்படியொன்றும் பெரிதல்ல. அறைகளில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து விளக்கை எரியவிடுகிற பழைய சென்சார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திருகு. அசைவு நின்று எவ்வளவு நேரத்தில் விளக்கு அணைய வேண்டும் என்பதை அதில் வைக்கலாம். ஏணியில் ஏறி ஒரே திருப்பில் முடிக்க வேண்டியது. இவரோ, "இன்னைக்குக் கொஞ்சம் கூட்டி வச்சிருக்கேன். நாளைக்கு வந்து எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருவார். நாளைக்கும் போவார். மறுநாளும் போவார். வேலைக்கள்ளன் என்று ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அது வேலைத் திருட்டு இல்லை என்று எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று. ஏணிமேல் நின்றபடியே, "பையன் பரீட்சை எழுதிட்டானா?", "கண் ஆபரேஷன் ஆச்சே, இப்ப தேவலையா?" என்று கேட்பார். கீழிருந்து ஒருவர் பதில் சொல்வார், இன்னொருவர் ஒரு வாய் டீ கொடுப்பார். அவருடைய நாளில் அவர் நாலு வார்த்தை பேசுவது அந்த ஏணிமேல் நின்றுதான்.

ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நானும் என் வீட்டுக்காரரும் பார்க்கப் போனோம். மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். நாங்கள் இருக்கும்போதே அவள் போன் செய்தாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன்மா." "மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன்மா." அடுத்த கேள்வி வருவதற்குள் பேரன் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டான். அவள் மறுபடி கூப்பிடுவாள் என்று இவர் போனைக் கையிலேயே வைத்திருந்தார். அவள் கூப்பிடவில்லை.

சமையலறையில் பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஏண்ணே, எங்களுக்கெல்லாம் கரண்டை மிச்சம் பண்ணச் சொல்லிட்டு நீங்க இப்படிப் பண்ணலாமா?" என்று கிண்டல் செய்தேன்.

"வேலை முடிஞ்சு வர்றப்ப வீடு இருட்டாக் கிடந்தா உள்ள போகவே மனசு வரலை, தங்கச்சி. அதனால அணைக்கறதே இல்லை" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

அதற்கடுத்த குளிர்காலத்தில்தான் கட்டடம் முழுக்க விளக்குகளை மாற்றுவது என்று முடிவானது. இரண்டு விதம் வந்து நின்றன. ஒன்றில் ஒவ்வொரு விளக்கும் தன் சென்சாரோடு தன்பாட்டுக்கு இருக்கும். பக்கத்து விளக்கோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எதை மாற்றுவதானாலும் அதனிடம் ஏறித்தான் போக வேண்டும். மற்றதில் விளக்குகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து ஒரே கம்ப்யூட்டருக்குக் கட்டுப்பட்டிருக்கும். இருந்த இடத்திலிருந்தே எதையும் கூட்டலாம், குறைக்கலாம். அலுவலகத்தில் குறும்புக்காரர்களுக்குப் பஞ்சமா? முதலாவதற்குத் 'தனிக்கட்டை' என்றும் இரண்டாவதற்குக் 'கூட்டுக்குடும்பம்' என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். லைட்டண்ணன் காதுபடவே சொன்னார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், வேறு என்ன செய்வார்.

மேனேஜர் விவரமான மனிதர். மூன்றாம் மாடியில் தனிக்கட்டை, இரண்டாம் மாடியில் கூட்டுக்குடும்பம் என்று வெள்ளோட்டம் பார்க்க ஏற்பாடு செய்தார். "தினம் இதோட மாரடிக்கப் போறவர் நீங்க. ரெண்டையும் பார்த்துட்டு நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே வாங்கிடலாம்" என்று லைட்டண்ணனிடம் சொல்லிவிட்டார்.

"என்னண்ணே சொல்லப்போறீங்க?" என்று கேட்டேன்.

"தனிக்கட்டைதான். ஒண்ணு கெட்டாலும் மத்தது எரியும். அந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா எல்லாத்துக்கும் சேர்த்து யார் முழிக்கறது?"

சொன்னதெல்லாம் நியாயம்தான். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். குரலைத் தணித்துக்கொண்டார்.

"அது வந்துட்டா நான் மேல போறதுக்கு என்ன வேலை இருக்கு, சொல்லு. இந்த ரூம்லயே குந்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான். செத்துருவேன் தங்கச்சி."

கேட்டவள் நான் ஒருத்திதான். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் மாடியின் கடைக்கோடியில் கணக்கு மேடம் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நறுக்கென்று பேசுவார், ஆனால் எதிராளி பேசுவதை முழுசாகக் கேட்பார். கட்டடமே 'அண்ணே' என்று கூப்பிடுகிறவரை 'சார்' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். அங்கே வேலை என்றால் லைட்டண்ணன் ஏணியை எடுக்கும் வேகமே வேறு. காதல் கீதல் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். தன் பேச்சைக் கேட்க ஒருவர் இருக்கிற இடத்துக்கு மனிதன் கொஞ்சம் வேகமாகத்தான் போவான்.

மாதக் கடைசியில் அந்த மாடியில் எல்லோரும் போன பிறகுதான் மேடம் கிளம்புவார். குளிர்காலத்தில் சாயங்காலமே இருட்டிவிடும். தனிக்கட்டை விளக்குகளை மாட்டிய பிறகு வந்த முதல் மாதக் கடைசியில், முகமெல்லாம் வெளிறிப்போய் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"லைட்டெல்லாம் நான் அடியில போய் நின்னாத்தான் எரியுது, சார். முன்னாடி ஒரே கும்மிருட்டு. யாராவது நின்னா தெரியவே தெரியாது" என்றார், பின்னறையிலிருந்து வந்த லைட்டண்ணனைப் பார்த்து.

"நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன் மேடம். எதுன்னாலும் சரி பண்ணிடலாம்" என்றார் அவர், ரொம்ப உற்சாகமாக.

மறுநாள் சாயங்காலம் மேலே போய், வந்திருப்பதை மேடத்திடம் சொல்லாமலே லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். சென்சாரைச் சோதிக்கிறபோது அசையாமல் நிற்பது அவருடைய வழக்கம். நின்றார். தலைக்கு மேல் எரிந்த விளக்கும் அணைந்தது. மேடம் கதவைச் சாத்திவிட்டு நடைக்கூடத்தில் வர ஆரம்பித்தார். அவர் தலைக்கு மேல் மட்டும் ஒரு விளக்கு. அவர் நகர நகர அடுத்தது எரியும். கடைசி விளக்கு எரிந்தபோது அதன் அடியில் ஓர் ஆள் சிலைபோல நிற்பதைப் பார்த்தார். அவர் போட்ட அலறல் கீழே எனக்கே கேட்டது.

"என்னைப் பார்த்துத்தான் அலறினாங்க, தங்கச்சி" என்றார் லைட்டண்ணன் கீழே வந்து. "அப்புறம் அவங்களே சமாதானம் சொன்னாங்க. ஆனா அந்த முகம்... என்னைப் பார்த்து யாரும் அப்படிப் பயந்ததில்லை."

மூன்றாம் மாடியோடு அவர் மல்லுக்கட்டியதை நான் பார்த்தேன். எல்லாத் திருகுகளையும் கூட்டி வைத்தார். நடந்து வந்த வழியில் வெளிச்சம் நின்றதே தவிர, போகிற வழியில் இருட்டு அப்படியே இருந்தது. சென்சார்களைத் திருப்பி வைத்துப் பார்த்தார். அறைக்குள் யார் எழுந்தாலும் நடைக்கூடம் விட்டு விட்டு எரிந்தது. ராத்திரி முழுக்க எரியவிடலாமா என்று கேட்டதற்கு மேனேஜர், "அப்ப மாத்துறதே எதுக்கு?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் இரண்டாம் மாடிக்குப் போய் நின்றிருக்கிறார். அங்கே கோடி அறையில் ஒரே ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருந்தார். அறைக்குள் ஆள் இருப்பது நடைக்கூடத்து விளக்குகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆள் வெளியே வருகிறவரை, லிஃப்ட் வரைக்கும் எல்லாம் மெல்லிய வெளிச்சத்தோடு காத்திருந்தன.

வந்து என் முன்னால் நின்றார். நான் புரிந்துகொண்டேன்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. அப்புறம் இந்த ரூமுக்குக் காவல் காக்க வேண்டியதுதான்."

"தெரியும்."

"நீங்கதானே சொன்னீங்க, செத்துருவேன்னு?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. "கூட்டுக்குடும்பமே இருக்கட்டும் சார்" என்றது கேட்டது.

எல்லா மாடியிலும் மாட்டி முடித்தார்கள். ஏணி மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் எல்லா மாடிகளும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆள் இருக்கிற கட்டம் மஞ்சளாக இருக்கும். லைட்டண்ணன் நாள் முழுக்க அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது போன் செய்தால் விரலால் ஒரு தட்டு தட்டுவார். "சரியாயிடுச்சு, தேங்க்ஸ்ணே" என்று வைத்துவிடுவார்கள். போகப் போக அந்தப் போனும் குறைந்தது. விளக்குகள் அவ்வளவு ஒழுங்காக எரிந்தன.

நாலாம் மாடியில் ஒருவர் வேலையை விட்டுப் போனது அவருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் இந்த மாதிரி சேதியை எனக்குக் கொண்டுவந்து சொல்கிறவரே அவர்தான். "அந்தக் கட்டம் ஏன் ரொம்ப நாளா மஞ்சளாவே ஆகலை?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "சொல்லிக்காமப் போயிட்டாரே" என்றார்.

ஒரு மத்தியானம் ஏதோ சாவி கேட்கப் பின்னறைக்குள் போனேன். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. மூன்றாம் மாடிக் கோடியில் கணக்கு மேடத்தின் மேசைக்கு மேலே இருக்கிற விளக்கைக் கம்ப்யூட்டரில் குறைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் குறைத்தார். யோசித்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தார். பிறகு எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடாமல் என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

போன் வந்தது. மேடம்தான். உள்ளே மாற்றிக் கொடுத்தேன். ரிசீவரைக் கீழே வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

"சார், என் மேசை லைட்டு மங்கலா இருக்கு."

"அப்படியா மேடம்? இதோ வர்றேன். ஏறிப் பார்த்தாத்தான் தெரியும்."

"ஐயோ, இதுக்குப் போய் நீங்க எதுக்கு மேல வரணும்? அங்கேருந்தே கூட்டிடலாமாமே. உங்களுக்கு வீண் சிரமம் வேண்டாம் சார்."

பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார் போலிருக்கிறது. பிறகு விரல் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்ப எப்படி இருக்கு மேடம்?"

"ஆங், நல்லா இருக்கு. ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சேன் சார். இப்பல்லாம் சாயங்காலம் பயமே இல்லை. லிஃப்ட் வரைக்கும் வெளிச்சமா இருக்கு. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"சரிங்க மேடம். சந்தோஷம்."

மேடம் வைத்துவிட்டார். லைட்டண்ணன் வைக்கவில்லை. லைனில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஏதாவது பேசலாம் என்று வாயெடுத்தேன். ஒட்டுக்கேட்டவள் என்னவென்று பேசுவது? சத்தம் வராமல் நானும் வைத்துவிட்டேன்.