ஹோபர்ட்டின் ரிவால்வரைக் குறை சொன்ன கதை

ஓய்வு பெறுகிறவரை ஹோபர்ட் ஸ்டாம்பர்தான் எங்கள் ஊரின் மொத்தப் போலீஸ் படை. படை என்றால் அவர் ஒருவர்தான். கென்டக்கி மலைக்குள் நிலக்கரி லாரி திரும்புகிற இடத்தில் இருக்கிற ஊருக்கு அதற்கு மேல் கட்டுப்படியாகாது. கார் ஊருடையது, சட்டை ஊருடையது. இடுப்பில் இருந்த ரிவால்வர் மட்டும் அவருடையது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் கறவை மாட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டது. கோல்ட் கம்பெனியின் பழைய துப்பாக்கி, ஆறு குண்டு.

அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வேறு துப்பாக்கிகள் உண்டு. அவையெல்லாம் எவனோ முகம் தெரியாதவன் இடுப்பில் இருந்தவை. இது எங்கள் ஊர் இடுப்பில் இருந்தது.

"கொடுக்கிறதா இருந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும், ஹோபர்ட்."

"நான் செத்தா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன், போ."

இந்த வசந்தத்தில் அவருக்கு முழங்கால் விட்டுப்போனது. மகள் ரோவீனா, அப்பா இனி சின்சினாட்டியில் தன்னோடுதான் என்று முடிவு செய்துவிட்டாள். மாடி வீடு, சின்னப் பிள்ளைகள். துப்பாக்கி வாசல்படி தாண்டக்கூடாது என்று கண்டிப்பு. சனிக்கிழமை காரோடு வருகிறாள். செவ்வாய்க்கிழமை ஹோபர்ட் எனக்கு ஆள் விட்டார்: "வெர்லினை கார்லிஸ் கடைக்கு வரச் சொல்லு."

கார்லிஸ் முடிவெட்டுகிறவன். எங்கள் ஊரில் கைமாறுகிற எதுவும் அவன் கடையில், நாலு பேர் முன்னால்தான் கைமாறும். சிநேகிதனிடம் துப்பாக்கியைப் பணம் கொடுத்து வாங்குவது கிடையாது. பண்டத்துக்குப் பண்டம். வாங்குகிறவன் முதலில் பொருளைக் கரித்துக்கொட்ட வேண்டும். விற்கிறவன் பல்லைக் குத்திக்கொண்டு கேட்க வேண்டும். அதுதான் மரியாதை. பார்த்ததும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், குறைத்துக் கேட்டுவிட்டோமோ என்று விற்கிறவனுக்குத் தூக்கம் போய்விடும்.

ஹோபர்ட் குண்டுகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். உருளையைத் திறந்து காலி என்று காட்டினார். கார்லிஸின் வெள்ளை டவலை விரித்து அதன் மேல் வைத்தார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. மறைத்துக்கொண்டேன்.

"என்ன ஹோபர்ட் இது? இரும்பு மேல இருந்த நீலப் பூச்செல்லாம் போயி எங்க மாமியார் தலை மாதிரி வெளுத்திருக்கு."

"உறை தேய்ச்சது" என்று பல்லைக் குத்தினார்.

"குழலுக்குள்ள எலி குடும்பம் நடத்தலாம் போல."

கடை சிரித்தது. அதுதான் வினை. நாலு பேர் சிரித்தால் என் வாய்க்கு பிரேக் கிடையாது.

"கைப்பிடி மூலை எங்கே போச்சு?"

"தெருநாய் நோட்டீசு மாட்டறப்ப இதாலதான் ஆணி அடிச்சேன்."

"அப்படிச் சொல்லுங்க. இது துப்பாக்கியே இல்ல, சுத்தியல்! இத்தனை வருஷத்துல இது எவனைப் பயமுறுத்துச்சு? ஒரு அணில்கூட இதைப் பாத்து மரம் மாறினது கிடையாதே!"

தலையில் பாதி முடி வெட்டியிருந்தவன் நாற்காலியோடு குலுங்கிச் சிரித்தான். ஹோபர்ட்டின் பல்குச்சி நின்றுவிட்டது. டவலை நாலு பக்கமும் மடித்து ரிவால்வரைச் சுருட்டினார்.

"நீ சொல்றது நியாயம்தான், வெர்லின். இவ்வளவு மட்டமான சாமானைச் சிநேகிதன் தலையில கட்டக்கூடாது. ஊருக்குப் போறதுக்குள்ள ஆத்துல போட்டுடறேன்."

நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

"டவல் என்னோடதுய்யா!" என்று கார்லிஸ் கத்தினான்.

வீட்டில் என் பெண்டாட்டி ஓப்பலிடம் சொன்னேன். பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அணிலை எதுக்குய்யா இழுத்தே?"

"வழக்கம்டி. குறை சொல்லித்தானே வாங்கணும்?"

"துப்பாக்கியைத் திட்டறது வழக்கம். நீ மனுசனைத் திட்டியிருக்கே. வேலைக்காகாத போலீசுன்னு ஊர் முன்னாடி சொல்லிட்டு வந்து நிக்கறே. போ, சோளரொட்டி இருக்கு, எடுத்துட்டுப் போ."

போனேன். ஹோபர்ட் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். ரிவால்வர் டவலோடு மேசை மேல் இருந்தது. பக்கத்தில் ஆற்றுக்குப் போட்டுப்போகிற ரப்பர் பூட்ஸ்.

"பூச்சு தேய்ஞ்சதுதான் அதுக்கு அழகே, ஹோபர்ட்" என்றேன்.

"மாமியார் தலை" என்றார்.

"உருளை சுத்தறப்ப எப்படி ஒரு சத்தம்! கடிகாரம் மாதிரி."

"லொடலொடங்குது. நீ கவனிக்கல, நானே சொல்றேன். விசையும் கனம். இழுக்கறதுக்குள்ள திருடன் ரயிலேறிடுவான்."

"கைப்பிடி உடைஞ்சது ஒரு அடையாளம்தானே..."

"சுத்தியல்."

வாங்க வந்த நான் புகழ்கிறேன், சொந்தக்காரர் கரித்துக்கொட்டுகிறார். ரோட்டில் போகிறவன் கேட்டால், நான்தான் அவர் தலையில் ஒரு பழைய இரும்பைக் கட்டப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பான். புகழ்ந்து புகழ்ந்து எனக்குத் தொண்டை கட்டியது. சோளரொட்டி பூராவையும் அவரே தின்றார். தின்றுவிட்டு வாயைத் துடைத்தார்.

"கடையில சொன்னதைக் கடையிலயே வாபஸ் வாங்கு. அப்புறம் பேசலாம்."

மேடையேறிப் பேசுகிற ஆள் இல்லை நான். மறுநாள் கார்லிஸ் கடையில், டவல் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஹோபர்ட் முன்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். முடியே இல்லாதவன்கூட முடிவெட்ட வந்திருந்தான்.

"இவரு ரிவால்வரு யாரையும் பயமுறுத்தலதான்" என்று ஆரம்பித்தேன். "அதுக்கு வேலை வேற. பெண்டர் வீட்டு அண்ணனும் தம்பியும் ஒரு வேட்டைநாய் யாருக்குன்னு கோடாலியும் மண்வெட்டியுமா நின்னப்ப, இவரு போயி என்ன பண்ணாரு? குண்டைக் கழட்டிட்டு, 'இதைக் கொஞ்சம் பிடி'ன்னு ரிவால்வரை அண்ணன் கையில கொடுத்தாரு. இடுப்புப் பட்டையைத் தம்பி கையில கொடுத்தாரு. 'பூட்ஸ் கயிறு அவுந்துபோச்சு, கட்டிக்கறேன்'னு குனிஞ்சாரு. போலீஸ் துப்பாக்கியை எவன் சேத்துல போடுவான்? கோடாலியையும் மண்வெட்டியையும் கீழ வெச்சுட்டு ரெண்டு பேரும் அதைப் பிள்ளை மாதிரி ஏந்திக்கிட்டு நின்னாங்க. இவரு கட்டறாரு, கட்டறாரு, கட்டிக்கிட்டே இருக்கறாரு. நிமிர்ந்தப்ப ரெண்டு பேரும் அந்த நாய் போடப்போற குட்டியைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. சுடாம இவ்வளவு வேலை பாத்த துப்பாக்கி இந்த ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்."

யாரும் சிரிக்கவில்லை. கார்லிஸ் கத்தரியை நிறுத்தினான்.

"நான் அங்க இருந்தேன். கயிறே இல்லாத பூட்ஸ் அது" என்றான்.

ஹோபர்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். டவல் மூட்டையை எடுத்து நாற்காலிக் கை மேல் வைத்தார்.

"என்ன தருவே?"

"ஒரு பன்றித்தொடை. உப்புப் போட்டு, புகை காட்டி, ரெண்டு வருஷம் தொங்கினது."

"ரெண்டு தொடை."

"சரி, ரெண்டு."

கை கொடுத்துக்கொண்டோம். ரிவால்வர் என் கைக்கு வந்தது. எடை நான் நினைத்ததைவிடக் கூட.

சனிக்கிழமை ரோவீனா காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். என் புகைக்கொட்டகையிலிருந்து நல்லதாகப் பார்த்து இரண்டு தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓப்பலோடு போனேன். என் தொடைகளைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடாது. ஜில்லாச் சந்தையில் போய்க் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

ஹோபர்ட் பேனாக்கத்தியை விரித்து ஒரு சீவல் சீவி வாயில் போட்டார். மென்றார்.

"உப்பு" என்றார்.

இன்னொரு சீவல் சீவினார்.

"இது பன்னியா, குதிரைச் சேணமா? ஏன்டா, நீ புகை காட்டினியா, இல்ல வீடு எரிஞ்சப்ப இது உள்ள இருந்துச்சா?"

ரோவீனா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. இரண்டு வருஷம் இரண்டு குளிர்காலம் நான் விறகு பொறுக்கிப் போட்டு வளர்த்த தொடை. இவ்வளவு மட்டமான சாமானை நான் சிநேகிதனுக்குக் கொடுக்க மாட்டேன், திரும்பக் கொடுத்துவிடுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஓப்பல் என் காலை நன்றாக மிதித்தாள்.

ரோவீனா தொடைகளைப் பின்னால் வைக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. முன்சீட்டில் ஏறி, இரண்டையும் மடியில் வைத்து, அதன் மேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கார் நகர்ந்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"கொழுப்பே இல்லடா இதுல!"

கார் பாலத்தைத் தாண்டியது.

"எலும்புதான்டா பூரா!"

வளைவில் திரும்புகிறவரை கத்திக்கொண்டே போனார். ஒவ்வொன்றையும் நின்று கேட்டேன், பல்லைக் குத்திக்கொண்டே.