என் கிடுகும் என் குரவையும்

துக்கப்பட்டவர்களுக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று பாடம் நடத்துவதுதான் என் தொழில். அந்தத் துக்கப்பட்டவர்களே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எனக்கு ஆறுதல் சொன்னது தனிக் கதை.

சமூக சேவைப் படிப்பை முடித்து, ஒரு சான்றிதழையும் ஒரு தடித்த புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு நான் கொழும்பில் இருந்து கல்முனைக்குத் திரும்பியபோது, எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கரையைத் துடைத்துப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஊர் ஊராகப் போய்த் தொண்டர்களைப் பழக்கும் வேலை கிடைத்தது. நான் டவுனில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண். சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்த முஸ்லிம் ஊரான மருதமுனையே எனக்குப் புது ஊர். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து சிரிக்க வேண்டாம். உங்களிடமும் ஒரு தடித்த புத்தகம் இருந்திருக்கும்.

கதிரை வட்டம்

புத்தகத்தின் முதல் பாடம்: கதிரைகளை வட்டமாகப் போடு, முகத்துக்கு முகம் பார்த்தால் மனம் திறக்கும். மருதமுனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பதினாறு கதிரைகளை அளந்து வைத்தேன். பெண்கள் வந்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எல்லாரும் தங்கள் கால் பெருவிரலையே பார்த்தார்கள்.

"மனதில் உள்ளதைக் கதையுங்கள்" என்றேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பழக்க வந்த தொண்டர்களில் ஒருத்தி பரீதா. அந்த ஊர்ப் பிள்ளை. சிரிப்பை அடக்க முடியாமல் அவள் யன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அரை மணித்தியாலம் இப்படியே போனது. கடைசியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்தார். ஆசியா உம்மா என்று பெயர். அந்தத் தெருவே அவர் சொல் கேட்கும் என்று பிறகுதான் அறிந்தேன்.

"டீச்சர், மையத்து ஊட்டுலயும் நாங்க இப்பிடிச் சும்மா இரிக்கிறல்ல" என்றார். மையத்து ஊடு என்றால் சாவு வீடு.

என் கிடுகு

மறுநாள் பரீதா என்னைக் கேட்காமலே வகுப்பை ஆசியா உம்மாவின் வீட்டு வளவுக்கு மாற்றிவிட்டாள். சூறாவளி சாய்த்த தென்னைகளின் ஓலையை ஊறப்போட்டு, பெண்கள் கூரை வேயக் கிடுகு பின்னிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்களில் கலியாணத்துக்கு வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கேதான் வந்து குடியிருப்பார். ஆசியா உம்மா மகள் ரிபாயாவுக்காகக் கட்டி வைத்திருந்த வீட்டைக் காற்று கொண்டுபோய்விட்டது. கலியாணமும் தள்ளிப் போயிருந்தது. அதனால் தெருவில் முதல் கூரை ரிபாயாவின் வீட்டுக்குத்தான் என்று பெண்களே முடிவெடுத்திருந்தார்கள்.

கையில் ஓலை ஏறியதும் வாய்கள் திறந்தன. ஒருவர் தன் ஆட்டை நான்கு வளவு தள்ளி இன்னொருவர் அடுப்படியில் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். சிரித்தார்கள். சிரித்த வாயோடு ஒருவர் அழுதார், பக்கத்தில் இருந்தவர் பின்னலை விடாமலே அவர் தோளில் சாய்ந்துகொண்டார். வட்டமும் இல்லை, முகம் பார்ப்பதும் இல்லை. நான் புத்தகத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிவிட்டு வந்து ஓர் ஓலையை எடுத்தேன். பின்னேரம் வரை பாடுபட்டு ஒரு கிடுகு முடித்தேன். ஆசியா உம்மா அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். சூரியன் முழுதாகத் தெரிந்தது.

"இத மாட்டுக் கொட்டிலுக்குப் போடுங்க. மாப்புளட தலையில ஒழுகினா, கலியாணத்த முறிச்ச பழி நமக்கெல்லோ வரும்!"

மாவடிப்பள்ளி வகுப்பு

நடுவில் மாவடிப்பள்ளி என்ற ஊரில் ஆண்களுக்கு ஒரு வகுப்பு. எல்லாரும் வயலில் இருந்து நேரே வந்தவர்கள். கண்ணை மூடி மூச்சை மெல்ல இழுத்துவிடச் சொன்னேன். மூன்றாவது மூச்சில் குறட்டை கேட்டது. ஐந்தாவதில் மண்டபமே தூங்கியது. எனக்கு வந்த கோபத்தில் மேசையில் தட்டி எழுப்பினேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாக என்னைப் பார்த்தார்.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும் மகள், புயலுக்குப் பொறகு இண்டைக்கித்தான் ஒறங்கின."

சோறும் கேள்வியும்

ரிபாயாவின் வீட்டுக்குக் கூரை ஏறியது. கலியாணத்துக்கு நாளும் வைத்தார்கள். ஆனால் பரீதா முகம் வாடி வந்தாள். அந்தத் தெருவில் எந்தக் கலியாணமானாலும் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் நாக்கைச் சுழற்றி முதல் குரவை போடுவது ஆசியா உம்மாதானாம். அவர் தொடங்கினால்தான் மற்றப் பெண்கள் சேர்வார்களாம். சூறாவளிக்குப் பிறகு நடந்த கலியாணங்களில் அவர் வாயே திறக்கவில்லை. மகளின் கலியாணத்துக்கும் முடியாது என்றுவிட்டார். "உம்மா குரவை போடாத கலியாணம் எனக்கு வேணாம்" என்று ரிபாயா இரண்டு நாளாக அழுகிறாள்.

புத்தகத்தில் அடிக்கோடிட்ட கேள்வியோடு போனேன். "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "பசிக்கி" என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்துச் சோறு போட்டார். மீன் ஆணத்தில், அதாவது குழம்பில், மூன்றாம் தரமும் சோறு வாங்கிய பிறகு கேள்வி எனக்கே மறந்துபோனது. கை கழுவத் தண்ணீர் வார்க்கும்போது, நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"காத்தடிச்ச அண்டைக்கி, ஆரும் வாங்க எண்டு நான் கத்தின சத்தம் என்ட காதுக்கே கேக்கல்ல, டீச்சர். அதுக்குப் பொறகு இந்தத் தொண்டைய நம்ப ஏலா."

என் குரவை

கலியாணத்தன்று, பின்னேர அஸர் தொழுகை முடிந்து மாப்பிள்ளை ஊர்வலம் தெருவுக்குள் வந்தது. புதுக் கிடுகு வாசம் வீசும் வீட்டு வாசலில் பெண்கள் நிறைந்து நின்றார்கள். மாப்பிள்ளை வேலிப் படலைக் கதவைத் தாண்டினார். யாரும் குரவை போடவில்லை. எல்லாரும் ஆசியா உம்மாவைப் பார்த்தார்கள். அவர் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு நின்றார். உள்ளே, மருதாணிக் கையோடு ரிபாயா கதவிடுக்கால் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிரம்புவதை நான் கண்டேன்.

'அவசரப்படுத்தாதே, காத்திரு' என்று புத்தகம் சொல்கிறது. என்னால் காத்திருக்க முடியவில்லை. பிறந்ததில் இருந்து குரவை போட்டறியாத நான் வாயைத் திறந்தேன். என்ன சத்தம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை நின்றுவிட்டார். வாசலில் நின்ற கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. பரீதா சிரிப்புத் தாங்காமல் தரையில் குந்திவிட்டாள். ஆசியா உம்மா என் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்.

"தள்ளுங்க டீச்சர்! ஊரான் இதக் கேட்டா என்ன நினைப்பான்?" என்றவர், அதே மூச்சில் தொடங்கினார். அப்படி ஒரு குரவையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ரிபாயா சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். ஆசியா உம்மா மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில், அடுத்த தெருவில் இருந்து ஒரு குரவை பதிலாக வந்தது. அதற்கு அடுத்த தெருவில் இருந்து இன்னொன்று. அவர் அசையாமல் நின்று கேட்டார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"கேட்டிரிக்கி, டீச்சர். அவளுகளுக்குக் கேட்டிரிக்கி!"

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் இந்தத் தொழிலில் இருந்து எத்தனையோ பேரைப் பழக்கிவிட்டேன்; ஆனால் நான் நேரே பார்க்க ஒருவர் குணமானது, என் தொண்டையின் கொடுமை தாங்காமல்தான்.