மெட்டி போடாத கால்

எங்கள் அம்மா இடது காலில் மெட்டி போட்டதே இல்லை. இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் பிறவியிலேயே ஒட்டியிருந்தால் மெட்டி எங்கே நுழையும்? வெளியே கிளம்பினால் புடவையைத் தரைவரை இறக்கிக் கட்டி அந்தக் காலை மறைத்துவிடுவாள். வீட்டில் நாங்களும் அதைப் பேசமாட்டோம்.

அண்ணன் மகள் பிறந்தபோது வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டியிருந்தன. கல்மண்டபம் பக்கம் எங்கள் வீடு; தெருவே கூடித் தீர்ப்புச் சொல்லியது. கிரகணத்தன்று அண்ணி அருவாமனையில் சங்கரா மீன் அறுத்தாளாம், அதனால்தானாம். முதலில் சொன்னதே என் அம்மாதான். அப்புறம் பிள்ளை அழுதாலும் கிரகணம், பால் கக்கினாலும் கிரகணம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணியோ தன் வேலையைப் பார்ப்பாள். பிள்ளையின் கையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

பிள்ளை நடக்க ஆரம்பித்ததும், விரலைப் பிரிக்க முடியுமா என்று கேட்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவும் வந்தாள். ஆபரேஷனில் பிரித்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு அவர் சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்துவிட்டேன். கருவில் எல்லார் கையும் முதலில் தோசைத் திருப்பி மாதிரி தட்டையாகத்தான் இருக்குமாம். விரல்களுக்கு நடுவில் இருக்கும் செல்கள், வேளை வந்ததும் தாமாகவே செத்து வழிவிடுமாம். அப்போதுதான் விரல் விரலாகப் பிரியும். மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தால் அந்தச் செல்கள் சாகாமல் அங்கேயே தங்கிவிடும். மீன் அறுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விரல் முளைக்கிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! கண்ணுக்கே தெரியாத ஒன்று, போக வேண்டிய நேரம் தெரிந்து போகிறதே, அடேயப்பா. என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது பரம்பரையாவும் வரும். ஒருத்தருக்குக் கையில, ஒருத்தருக்குக் கால்ல. நடுவுல ஒரு தலைமுறைக்குத் தெரியாமலும் போகும். உங்க குடும்பத்துல யாருக்காவது இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அண்ணிக்குத் தெரியும். அம்மாவுக்குக் கால் வலித்தால் தைலம் தேய்ப்பவளே அவள்தான். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆஸ்பத்திரி அதிரக் கத்தியிருப்பேன். அவள் பிள்ளையின் கையைத் தடவியபடி குனிந்தே இருந்தாள்.

அம்மா மெதுவாகப் புடவையைத் தூக்கி இடது காலை முன்னால் நீட்டினாள். "என் கால்ல கீது டாக்டரம்மா" என்றாள். பிறகு அண்ணி பக்கம் திரும்பினாள். "கெரகணமும் இல்ல, ஒண்ணியும் இல்ல. என்னாலதான் வந்துகீது."

அண்ணி குனிந்து அம்மாவின் புடவையை இறக்கிவிட்டாள். "வுடு அத்தே. நீ இன்னா பண்ணுவே? நீயா கேட்டு வாங்கினே?"

அந்த ஒரு வார்த்தையை அண்ணியிடம் இத்தனை நாளில் எங்கள் வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை.